பத்து வயதுப் பையனின் ஸ்விங்: எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி கேட்டிருப்பவர் சென்னையில் இருக்கும் ஒரு அப்பா. மகனுக்குப் பத்து வயது. மூன்று வருடம் தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு, எட்டு மாதமாக கோல்ஃப் கற்றுக்கொள்கிறான். அடிக்கிற பந்தெல்லாம் வலது பக்கம் வளைந்து போகிறது. பயிற்சியாளர் வாராவாரம் ஃபோனில் வீடியோ எடுத்து, ஒரு பெரிய ஆட்டக்காரரின் ஸ்விங்குக்குப் (கிளப்பை வீசிப் பந்தடிக்கும் அசைவு) பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ஒரு வாரம் முழங்கை, அடுத்த வாரம் இடுப்பு, அதற்கடுத்த வாரம் மணிக்கட்டு என்று திருத்தம் போகிறது. பையனுக்கு ஆர்வம் குறைந்துகொண்டே வருகிறதாம். "ஸ்விங்கை இப்போதே சரியாக அமைத்துவிட வேண்டுமா, வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? கிரிக்கெட்டை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டை நிறுத்த வேண்டாம். ஸ்விங் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடவும் கூடாது. கிளப்பைப் (பந்தடிக்கும் மட்டை) பிடிக்கும் விதம், குறி பார்த்து நிற்கும் விதம், அடித்து முடித்ததும் தடுமாறாமல் நிற்பது, இந்த மூன்றையும் இன்றிலிருந்தே கவனிக்க வேண்டும். மற்றதைப் பந்து சொல்லிக்கொடுக்கும். இருபது வருடமாகப் பிள்ளைகளோடு பயிற்சி ரேஞ்சில் நிற்கிறேன். எத்தனை பெற்றோர் கேட்டாலும் என் பதில் இதுதான்.

வலது பக்கம் வளைகிற பந்திலிருந்து தொடங்கலாம், உங்கள் கவலை அங்கேதான் இருக்கிறது. கிளப்பின் முகமும் (பந்தில் படும் தட்டையான பக்கம்) பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் கிளப் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் பந்து கிளம்பும். பந்து கிளம்பும் திசையில் முக்கால் பங்குக்கும் மேல் முகத்தின் வேலை. கிளப் வரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அதற்கேற்ப பந்து காற்றில் வளையும். வலது கை ஆட்டக்காரர் அடித்த பந்து வலது பக்கம் வளைந்தால், பாதையை விட முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பல வருடங்களாக இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள்; பாதைதான் பந்தைக் கிளப்பும், முகம் வளைக்கும் என்றார்கள். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்த பிறகுதான் அது தவறு என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், முகம் திறந்திருப்பதற்கு முதல் காரணம் முழங்கையும் இல்லை, இடுப்பும் இல்லை. பிடிதான். கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் பத்துக்கு ஏழெட்டுப் பேரிடம் இதையே பார்க்கிறேன்.

பேட்டின் கைப்பிடி தடிமனானது. உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தாலும் வேலை நடக்கும். கோல்ஃப் கிளப்பின் கிரிப் மெல்லிசு. அதே பழக்கத்தில் உள்ளங்கைக் குறுக்காக வைத்துப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முகம் திரும்பி வராது. போன மாதம் ஒரு பையன் வந்தான், உங்கள் மகன் வயதுதான். ஏழாம் நம்பர் அயர்னை (இரும்புத் தலை கிளப்) பிடித்துக் காட்டச் சொன்னேன். இடது கட்டைவிரல் கிரிப்பின் நட்ட நடுவில் நேராக இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் இடது கையில் ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரிந்தது. நான் கிளப்பை வாங்கி வைத்துவிட்டு, "கையைச் சும்மா தொங்கவிடு" என்றேன். தொங்கவிட்டான். எல்லோருக்கும் போல அவனுக்கும் கை தானாகக் கொஞ்சம் உள்பக்கம் திரும்பித் தொங்கியது. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லி, கிளப்பை நான் கொண்டுபோய் விரல்களின் அடியில் வைத்தேன். விரலை மூடினான். இப்போது குனிந்து பார்த்தால் முட்டி இரண்டரை தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் கோடு வலது தோளைக் காட்டியது. வலது கையை அதற்குக் கீழே சேர்த்து வைத்தோம். அவ்வளவுதான். பதினொன்றாவது பந்தோ பன்னிரண்டாவது பந்தோ, நேராகப் போனது. அவன் என்னைப் பார்க்கவில்லை, பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தப் பிடி முதல் வாரம் அசௌகரியமாக இருக்கும். பையன் பழைய பிடிக்கே நழுவிப் போவான். அதற்கு நான் செய்யச் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் டிவி பார்க்கும்போது ஒரு கிளப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள். பிடிக்கட்டும், விடட்டும், மறுபடி பிடிக்கட்டும். ஸ்விங் எதுவும் வேண்டாம். ரேஞ்சில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைகளின் பாடம் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்டி ஷெஃப்லர் உலகத்தின் முதல் இடத்துக்கு வந்த பிறகும், விரல் பதியும் அச்சோடு செய்த பயிற்சிக் கிரிப்பை எடுத்துத் தன் பிடியைச் சரிபார்த்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குகிறார்.

சின்னக் கைகளுக்கு விரல்களைக் கோக்கும் பிடி கட்டாயமில்லை. பத்து விரலும் கிரிப்பில் இருக்கும்படி பிடிக்கலாம், பேட் பிடிப்பது போலவே. பிறகு கை பெரிதானதும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, பலம் குறைந்த பிள்ளை இடது கையைக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பிப் பிடித்தால், மூன்று முட்டி தெரிந்தால், நான் விட்டுவிடுவேன். பதினான்கு பதினைந்து வயதில் உடம்பில் வேகம் ஏறும்போது பந்து இடது பக்கம் ஹூக் ஆகத் தொடங்கும். அப்போது கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு வரலாம்.

பிடி சரியாகியும் வலது பக்கமே போனால், கிளப்பைப் பாருங்கள். அப்பாவின் பழைய கிளப்பை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அறுத்த தண்டு விறைத்துப்போகும், தலையின் எடை குறையாது. பிள்ளையால் அந்த எடையைத் திருப்ப முடியாது, முகம் திறந்தேதான் வரும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். இடது கையால் மட்டும் கிரிப்பின் நுனியைப் பிடித்து, கிளப்பைத் தரைக்கு இணையாக நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் கிளப் தலை தொங்கிப்போனால் அது அவனுக்கு எடை அதிகம். முழு செட் வாங்க வேண்டியதில்லை. விதிப்படி பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், பத்து வயதுக்கு உயரத்துக்கேற்ற நான்கைந்து போதும்.

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம்.

கிரிக்கெட் ஆடிய பிள்ளையிடம் எனக்குப் பிடித்தது வேகம். அடிக்கப் பயப்பட மாட்டான். முன்காலில் எடையை ஏற்றத் தெரியும். கண்ணும் கையும் ஒத்துழைக்கும். இதெல்லாம் ஸ்விங்கின் எஞ்சின். ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கும்: ஸ்ட்ரெயிட் டிரைவ் ஆடும்போது பக்கவாட்டிலேயே நின்று, முன்கை முழங்கையை உயர்த்தி, பேட்டின் முகத்தைப் பந்தின் திசையிலேயே கொண்டுபோகப் பழகியிருப்பான். கோல்ஃபில் அப்படிச் செய்தால் உடம்பு நின்றுவிடும், கை மட்டும் போகும், முகம் திறந்தே இருக்கும். இதை "இடுப்பைத் திருப்பு" என்று சொல்லிச் சரிசெய்யப் பார்த்தால், அவன் இடுப்பைத் திருப்புவான், பந்தை அடிக்க மறந்துவிடுவான். நான் கேட்பது வேறு. "மிட்விக்கெட் மேல சிக்ஸர் அடிச்சா, அடிச்சு முடிச்சதும் உன் தொப்புள் எங்க பார்க்கும்?" யோசித்துவிட்டு, "லெக் சைடுல" என்பான். "அப்படியே அடி. தொப்புள் அந்தக் கொடியைப் பார்க்கட்டும்." பெரும்பாலும் இரண்டே நிமிடத்தில் உடம்பு திரும்பிவிடும். எந்த மூட்டு எவ்வளவு டிகிரி என்ற பேச்சே வேண்டியிருக்காது.

இதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. காப்ரியேல் வுல்ஃப் என்பவர் 1999இல் தன் சகாக்களோடு கோல்ஃப் புதிதாகக் கற்பவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தன் கை எப்படிப் போகிறது என்று கவனித்தவர்களை விட, கிளப் எப்படிப் போகிறது என்று கவனித்தவர்கள் குறிக்குப் பக்கத்தில் அடித்தார்கள். மறுநாள் எந்த அறிவுரையும் இல்லாமல் அடிக்கச் சொன்னபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. நினைப்பு உடம்புக்குள் போகப் போக அசைவு இறுகும். வெளியே ஒரு பொருளில், ஒரு இடத்தில், ஒரு சத்தத்தில் நினைப்பு இருந்தால் உடம்பு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஃபோன் திரையில் முழங்கையைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டுவது பிள்ளையின் நினைப்பை நேராக முழங்கைக்குள் கொண்டுபோய் விடுகிறது. அவன் ஆர்வம் குறைந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பந்தடிக்க வந்தவன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அதனால் பத்து வயதுக்குச் சொல்லிக்கொடுக்கும் விஷயங்களைப் பொருளாக, சத்தமாக மாற்ற வேண்டும். மூன்று மட்டும் சொல்கிறேன்.

கிளப்பைத் தலைகீழாகப் பிடித்து, தண்டின் நுனியை வீசச் சொல்லுங்கள். 'விஷ்ஷ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் வலது தோள் பக்கமே வந்துவிடும். வேகத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறான் என்று அர்த்தம். சத்தம் பந்து இருக்கும் இடத்துக்கு இடது பக்கம் வர வேண்டும். இதற்கு வாத்தியார் தேவையில்லை, அவன் காதே போதும்.

இரண்டாவது கோலப்பொடி. என் கிட் பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். புல்லோ மண்ணோ, தரையில் இலக்குக்குக் குறுக்காக ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுப்பேன். பந்து கிடையாது. கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து நின்றுகொண்டு, கோட்டுக்கு இடது பக்கம் தரையைத் தொடும்படி வீச வேண்டும். கோட்டுக்கு வலது பக்கம் தட்டினால் பந்துக்கு முன்பே மண்ணை அடிக்கிறான். முதல் நாள் தடங்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கோழி கிளறியது போல இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் எல்லாத் தடமும் கோட்டை ஒட்டி இடது பக்கம் சேர்ந்துவிடும். ஷெஃப்லர் ஆனாலும் பத்து வயதுப் பையன் ஆனாலும் அயர்னில் நல்ல அடி என்பது பந்து முதலில், மண் பிறகு. இதைப் புல்லிலோ மண்ணிலோதான் செய்ய வேண்டும். ரேஞ்சில் இருக்கும் ரப்பர் விரிப்பு பொய் சொல்லும். மண்ணில் குத்தியிருக்க வேண்டிய கிளப், விரிப்பில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். ரேஞ்சில் பிரமாதமாக அடிப்பவன் மைதானத்தில் போய்த் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது, கால் வைத்து அடிப்பது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, கிளப் பின்னால் போய் முடிவதற்குள் இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து அடிப்பது. கிரிக்கெட் பிள்ளைகளுக்கு இது ஃப்ரண்ட் ஃபுட் டிரைவ் மாதிரி, உடனே வந்துவிடும். கீழிருந்து மேலாகச் சக்தி வரும் வரிசை அந்த ஒரு அடியிலேயே இருக்கிறது: கால், இடுப்பு, தோள், கை, கடைசியில் கிளப். அடித்து முடித்ததும் பந்து தரையில் விழும்வரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். நிற்க முடிந்தால் ஸ்விங் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

இனி, பெரிய ஆட்டக்காரரின் வீடியோவைப் பக்கத்தில் வைத்துக் காட்டும் பழக்கம். அந்தப் பெரிய ஆட்டக்காரர்களின் கதையையே எடுத்துப் பாருங்கள். ஜிம் ஃபியூரிக்கின் பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் கொண்டுபோவது) நேராக வானத்தைப் பார்த்துப் போய், ஒரு வளையம் போட்டுவிட்டுக் கீழே இறங்கும். எந்த அகாடமியிலும் முதல் நாளே திருத்தியிருப்பார்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா மைக். அவர் அந்த வளையத்தைத் தொடவில்லை. மகன் 2003இல் யுஎஸ் ஓப்பன் வென்றார். 2016இல் டிராவலர்ஸ் போட்டியின் கடைசி நாளில் ஒரு சுற்றை 58 அடியில் முடித்தார், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் அதைவிடக் குறைவாக யாரும் ஒரு சுற்றை முடித்ததில்லை. ஷெஃப்லர் அடிக்கும்போது இரண்டு பாதமும் சறுக்கும். சின்ன வயதிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த ராண்டி ஸ்மித் அந்தப் பாதங்களை நிறுத்தி வைக்கப் பார்க்கவில்லை.

நம் நாட்டிலேயே பாருங்கள். டெல்லியில் கேடியாக (ஆட்டக்காரரின் கோல்ஃப் பையைத் தூக்குபவர்) இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். பை தூக்கி, மற்றவர் அடிப்பதைப் பார்த்து, பந்து போகும் விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் கேடிகளின் பள்ளிக்கூடம். பயிற்சியாளரே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, நானே பயிற்சியாளன்தான். ஆனால் உடம்பு கற்றுக்கொள்ளும் வழி அதுதான். என் வேலை குறுக்கே நிற்காமல், தேவைப்படும் இடத்தில் கை கொடுப்பது.

கோல்ஃபின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான ஜாக் நிக்லஸ் பத்து வயதில், 1950இல், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் உள்ள சயோட்டோ கிளப்பில் ஜாக் கிரவுட் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். கிரவுட் சொல்லிக்கொடுத்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் பலமாக அடி, நேராக அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோளை முழுக்கத் திருப்பு, கையை உயரக் கொண்டுபோ. தலை மட்டும் அலையக் கூடாது. அதற்கு உதவியாளர் ஒருவர் பையனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். முடியைப் பிடிப்பதை இன்றைக்கு நான் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வரிசை சரி. வேகம் சின்ன வயதில் வரவில்லை என்றால் பின்னால் கொண்டுவருவது மிகக் கடினம். நேராக அடிப்பது பதினாறு வயதிலும் வரும். உங்கள் மகனின் பேக்ஸ்விங் நீளமாக இருக்கிறதா, இடது குதிகால் தூக்குகிறதா, கிளப் தரைக்கு இணையாக வருவதையும் தாண்டிப் போகிறதா, விடுங்கள். பிள்ளை உடம்பு ரப்பர் மாதிரி, கிளப் அவனுக்கு எடை. நீளமாக இழுத்துத்தான் அவனால் வேகம் உண்டாக்க முடியும்.

இதை நான் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சி கொடுக்கத் தொடங்கி நாலைந்து வருடத்தில் என்னிடம் ஒரு பெண் வந்தாள், பன்னிரண்டு வயது. கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போது உள்பக்கமாகச் சுருட்டி எடுப்பாள், இறங்கும்போது தானே சரிசெய்துகொண்டு நேராக வருவாள். பந்து போகப் போக இடது பக்கம் லேசாகத் திரும்பும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. நான் அவள் ஸ்விங்கைக் கேமராவில் பார்த்துவிட்டு, பேக்ஸ்விங்கைச் சரிசெய்தால் இன்னும் எவ்வளவோ நன்றாக ஆடுவாள் என்று நினைத்தேன். மாற்றினேன். பின்னால் போவது படத்தில் அழகாக வந்தது. ஆனால் இறங்கும்போது அவள் உடம்பு பழைய சரிசெய்தலையும் சேர்த்துச் செய்தது. பழைய தவறுக்கான மருந்து, தவறு போன பிறகும் தொடர்ந்தது. பந்து எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாமல் போனது. நான் அதையும் திருத்தப் போனேன். ஆறு மாதத்தில் ஒரு போட்டியில், மூன்றாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், கிளப்பைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் பந்துக்கு மேல் அப்படியே உறைந்து நின்றாள். அடுத்த கோடையில் அவள் வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. பந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஸ்விங்கைக் கண்ணுக்கு அழகாக இல்லை என்பதற்காகத் தொட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு வலிக்கிறது என்றால் மாற்றுவேன். பிடி, நிற்கும் விதம், பந்து வைக்கும் இடம், கிளப் எடை எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் பந்து ஒரே தவறைச் செய்தால் மாற்றுவேன். பிள்ளையே வந்து, "சார், எனக்கு இந்த அடி வர மாட்டேங்குது, சொல்லிக்குடுங்க" என்றால் மாற்றுவேன். மாற்றும்போதும் ஒரே ஒரு விஷயம், குறைந்தது மூன்று மாதம், அந்த மூன்று மாதத்தில் போட்டி கிடையாது. வாராவாரம் ஒரு திருத்தம் என்றால், எந்தத் திருத்தமும் உடம்பில் இறங்குவதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிடும்.

வீடியோவே கூடாது என்று சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பயிற்சியாளர் பார்க்கட்டும், பிள்ளை பார்க்க வேண்டியதில்லை. எடுப்பதையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும்: இலக்குக் கோட்டின் பின்னாலிருந்து ஒன்று, நேர் முன்னாலிருந்து ஒன்று, கேமரா கை உயரத்தில். ஒரு அடி தள்ளி நின்று எடுத்தாலே கிளப்பின் பாதை வேறு மாதிரி தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து இல்லாத தவறைத் திருத்தியவர்கள் நிறைய.

வளர்ச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் மிக வேகமாக உயருவார்கள். அந்த ஆறு மாதம், ஒரு வருடம், நேற்றுவரை அழகாக ஆடிய பிள்ளை திடீரெனக் கையும் காலும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறும். கை நீண்டிருக்கும், நிற்கும் தூரம் மாறியிருக்கும், பழைய கிளப் குட்டையாகியிருக்கும். ஸ்விங் கெட்டுவிட்டது என்று பயந்து திருத்தத் தொடங்குவது இந்தச் சமயத்தில்தான் அதிகம். வேண்டாம். முழு அடிகளைக் குறைத்து, சிப்பிங் (குழிக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன அடி), பட்டிங் (பந்தைக் குழிக்கு உருட்டுவது) பக்கம் திருப்பிவிடுங்கள். கதவு நிலையில் பென்சிலால் உயரம் குறித்துக்கொண்டு வாருங்கள்; கோடு சட்டென்று ஏறும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கீழ் முதுகு வலி என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே கிளப்பைக் கீழே வைக்க வேண்டும், வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வளரும் முதுகெலும்பில் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி அடிப்பதால் மெல்லிய முறிவுகூட வரலாம். கிரிக்கெட்டை நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்: ஓடட்டும், எறியட்டும், நீந்தட்டும். தினமும் பத்து தடவை இடது கை ஆட்டக்காரரைப் போல எதிர்ப்பக்கமும் கிளப்பை வீசட்டும். ஃபாஸ்ட் பௌலிங் மட்டும் அளவோடு இருக்கட்டும், அதுவும் அதே முதுகைத்தான் பிடிக்கும்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஸ்விங் அங்கேதான் உருவாகிறது. நூறு பந்து வாங்கி, ஒரே கிளப்பில், ஒரே திசையில் அடிப்பது வேலை செய்வதாகத் தோன்றும். முப்பதாவது பந்தில் நன்றாக வரும். மறுநாள் மைதானத்தில் முதல் அடிக்கு அது உதவாது, ஏனென்றால் அங்கே ஒரே அடியை இரண்டு தடவை அடிக்க மாட்டோம். நாற்பது பந்து போதும். பாதிப் பந்தில் ஒரு விஷயத்தைப் பழகட்டும். மீதியில் விளையாடட்டும்: "இது முதல் ஹோல், டிரைவர் எடு, அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் அடி. இப்ப மீதித் தூரத்துக்கு என்ன கிளப்?" ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பும் இலக்கும் மாறும். தவறு அதிகமாக வரும், கற்பதும் அதிகமாக இருக்கும். கோடை விடுமுறையில் ஊட்டிப் பக்கம் போனால் அந்த மைதானத்தைப் பையனுக்குக் காட்டுங்கள். கால் சமமாக நிற்கும் இடம் கிடைப்பதே அரிது. மேட்டில் ஒரு கால், பள்ளத்தில் ஒரு கால் வைத்து நிற்கும்போது படத்தில் பார்த்த ஸ்விங் உதவாது, தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பட்டரை, பந்தை உருட்டும் கிளப்பை, மறந்துவிடாதீர்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67. ஏறக்குறைய இரண்டரைப் பந்து அகலம். அங்கே தொடங்கி வெளியே வருவதுதான் நல்ல வரிசை: மூன்று அடி தூரத்திலிருந்து பட், பிறகு சிப், பிறகு அரை ஸ்விங், பிறகு முழு ஸ்விங். சின்ன அசைவில் கிளப் முகத்தை நேராகக் கொண்டுவரத் தெரிந்த பிள்ளைக்குப் பெரிய அசைவிலும் அது வரும். அதிதி அசோக் ஐந்து வயதில் பெங்களூரில் தொடங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரை விட மிகத் தூரம் அடித்தவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். அவர் பட்டரால் போட்டி போட்டு நான்காவதாக வந்தார். வெள்ளியும் வெண்கலமும் யாருக்கு என்று முடிவுசெய்த பிளேஆஃப் அவருக்கு ஒரே ஒரு அடியில் தவறியது. வீட்டுத் தரையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அதன் மேல் பந்தை உருட்டச் சொல்லுங்கள். செலவில்லாத பயிற்சி, சண்டை போட்டுக்கொண்டு விளையாட அக்காவோ தம்பியோ இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் பயிற்சியாளரிடம் என்ன சொல்வது? அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பெற்றோர் காசு கொடுக்கிறார்கள், ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது காட்ட வேண்டும் என்ற அழுத்தம் எங்கள் தொழிலில் இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த மூன்று மாதம் பிடியும் நிற்பதும் மட்டும் பாருங்கள் சார், முன்னேற்றம் தெரியவில்லை என்று நாங்கள் கேட்க மாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அது நிம்மதியாக இருக்கும். கூடவே, "இவன் ஸ்விங்கில் நீங்கள் எதை மாற்றவே மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அவர் உங்கள் பையனைக் கவனித்துப் பார்த்திருக்கிறார், அவரோடேயே இருங்கள். பதிலே வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இந்திய கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமியில் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன், அவர் பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்களா, அவர் கண் பந்து போகும் பக்கம் போகிறதா என்று அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவன் அடிக்கும்போது பின்னால் நின்று பேசாதீர்கள். திரும்பி வரும்போது வண்டியில், எத்தனை நன்றாகப் போனது, ஏன் வலது பக்கம் போனது என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு எந்த அடி உனக்குப் பிடிச்சது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு அடியையாவது கையால் காட்டி விவரிப்பான்.

இந்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகும்போது கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள். விரிப்பை விட்டுத் தள்ளி, மண் தெரியும் ஒரு மூலை எங்கும் இருக்கும். கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, இருபது வீச்சு வீசச் சொல்லி, எத்தனை தடம் இடது பக்கம் என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு அவன் கையாலேயே எழுதட்டும். நான்கு வாரம் கழித்து அந்த நோட்டில் இருப்பதையும், குனிந்து பார்த்தால் அவன் இடது கையில் எத்தனை முட்டி தெரிகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.